காலேஜ் மேட்ச்ல ரீப்ளே, ப்ளேபேக் மெஷின்ல உக்காரப் போறவங்களுக்கு

அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிக்க வர்ற நம்ம பசங்க கேம்பஸ் வேலைன்னா டைனிங் ஹால், லைப்ரரி, டீச்சிங் அசிஸ்டென்ட் (டிஏ) இதோட நிறுத்திக்கறாங்க. ஆனா அத்லெடிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல வீடியோ ரூம்னு ஒண்ணு இருக்கும், அங்க கேமரா பிடிக்கறதுல ஆரம்பிச்சு ரீப்ளே போடறது வரைக்கும் நிறைய பேர் ஸ்டூடண்ட்ஸ்தான். 2007ல பிக் டென் நெட்வொர்க், 2014ல எஸ்இசி நெட்வொர்க், 2018ல ஈஎஸ்பிஎன் ப்ளஸ், 2019ல ஏசிசி நெட்வொர்க்னு காலேஜ் மேட்ச் காட்டற சேனலும் ஸ்ட்ரீமும் வரிசையா வந்ததுக்கு அப்புறம் சாக்கர், வாலிபால், சாஃப்ட்பால்னு முன்ன டிவி பக்கமே வராத மேட்ச்செல்லாம் கேம்பஸ் கண்ட்ரோல் ரூம்லயே தயாராகி வெளிய போகுது, அதுக்கு ஆள் எப்பவும் பத்தறதில்ல. எஃப்-1 விசாவுல செமஸ்டர் நடக்கறப்போ வாரத்துக்கு 20 மணி நேரம்தான் கேம்பஸ்ல வேலை பாக்கலாம், மேட்ச் எல்லாம் பெரும்பாலும் சாயங்காலமும் வீக்கெண்டும்தான், அதனால கிளாஸோட மோதாது. சம்பளம் யுனிவர்சிட்டி பேரோல்ல இருந்துதான் வருதான்னு மட்டும் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, ஏன்னா அதே ரூம்ல வெளி கம்பெனி காசு குடுக்கற வேலையும் கலந்து ஓடும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ரூமுக்குள்ள போனா "ப்ளேபேக்"னு ரெண்டு தனித்தனி வேலையைச் சொல்லுவாங்க. ஒண்ணு ரீப்ளே, அதாவது இப்பதான் நடந்த ஆட்டத்தைத் திருப்பிக் காட்டறது. இன்னொண்ணு முன்னாடியே எடிட் பண்ணி வெச்ச வீடியோவை நேரம் பாத்து ஓட விடறது: டீம் உள்ள வர்றப்போ போடற ஹைப் வீடியோ, ஸ்பான்சர் விளம்பரம், பிளேயர் இன்ட்ரோ, கூட்டத்தைக் கத்த வைக்கற கிளிப். முதல்ல சொன்னதுக்கு கை வேகம் வேணும், ரெண்டாவதுக்கு ஒழுங்கு வேணும். சின்ன காலேஜ்ல ரெண்டையும் ஒரே ஆள் தலையில கட்டிடுவாங்க, அப்படி கேட்டா பாஸ்கெட்பாலுக்கு ஓகே சொல்லலாம், ஃபுட்பாலுக்கு முடியாதுன்னு சொல்லிடுங்க. ஃபுட்பால்னா அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம ஃபுட்பாலை இங்க சாக்கர்னுதான் சொல்லணும்.

எந்த மெஷின் எதுக்கு

பெரிய யுனிவர்சிட்டின்னா ஈவிஎஸ் இருக்கும். பெல்ஜியம் கம்பெனி, 1994ல ஆரம்பிச்சது, உலகத்துல பெரிய ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்பு பெரும்பாலும் இதுலதான் ஓடுது. சர்வர் ரேக்ல தனியா உக்காந்திருக்கும், உங்க கையில இருக்கறது ஒரு கண்ட்ரோலர் மட்டும், நடுவுல ஒரு ஜாக் வீல் (படத்தை முன்ன பின்ன நகர்த்தற சக்கரம்), பக்கத்துல வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு லீவர், மேல வரிசையா பட்டன். அந்த சர்வர் நாள் பூரா எல்லா கேமராவையும் ரெக்கார்ட் பண்ணிட்டே இருக்கும், நீங்க பின்னாடி போய் பாக்கறப்பவும் ரெக்கார்டிங் நிக்காது, இதுதான் ரீப்ளே மெஷினுக்கும் சாதா ரெக்கார்டருக்கும் உள்ள வித்தியாசமே. அதுக்கு ஒரு படி கீழ நியூடெக்கோட 3ப்ளே, நிறைய காலேஜ்ல இன்னும் ஓடிட்டு இருக்கு. அதுக்கும் கீழ விமிக்ஸ், இது விண்டோஸ்ல மட்டும் ஓடற சாஃப்ட்வேர், ரீப்ளே வேணும்னா 4கே இல்லன்னா ப்ரோ எடிஷன் வாங்கணும், மல்டி கேமரா ரீப்ளேன்னா ப்ரோதான். 60 நாள் ட்ரையல்ல எல்லா வசதியும் திறந்திருக்கும், வீட்டுல உக்காந்து பழகறதுக்கு அது தாராளம். கீபோர்டுல மட்டும் ஓட்டாதீங்க, கான்டூர் ஷட்டில் மாதிரி ஒரு ஜாக் டயலை யூஎஸ்பில சொருகினாலே பாதி வேலை சுலபமாயிடும். 2024ல பிளாக்மேஜிக் கம்பெனியோட எடிட்டிங் சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ் 19லயும் ரீப்ளே வசதி கொண்டு வந்தாங்க, ஆனா அதுக்கு நெட்வொர்க் ஸ்டோரேஜ், தனி கண்ட்ரோலர்னு செட்டப் வேணும், ஏற்கனவே அந்தக் கம்பெனி சாமானே முழுக்க வெச்சிருக்கறவங்களுக்குதான் லாபம்.

ஓபிஎஸ்ங்கற இலவச ஸ்ட்ரீமிங் சாஃப்ட்வேர்லயும் முடியும், காசே இல்லாம. ஆனா ஒரு பொறி இருக்கு. அதுல இருக்கற ரீப்ளே பஃபர் உங்க ஃபைனல் அவுட்புட்டைத்தான் சேமிக்குது, அதாவது ஸ்கோர் பார், லோகோ எல்லாம் சேர்ந்த படம். அதைத் திருப்பிப் போட்டா புது ஸ்கோர் பாருக்கு அடியில பழைய ஸ்கோர் பாரும் தெரியும், டச்டவுன் அடிச்ச அப்புறம் பழைய ஸ்கோரோட ஒரு டப்பா எட்டிப் பாத்துட்டு இருக்கும், பாக்கறவன் குழம்பிடுவான். ரீப்ளே சோர்ஸ்னு ஒரு ப்ளகின் இருக்கு, அதைப் போட்டு கேமராவோட சோர்ஸை மட்டும் பிடிக்கச் சொல்லுங்க. எவ்வளவு பெரிய மெஷினா இருந்தாலும் இதே விதிதான், ரீப்ளேக்குள்ள போறது கிராஃபிக்ஸ் இல்லாத சுத்தமான கேமரா படமா இருக்கணும், ப்ரோக்ராம் அவுட்டை (கிராஃபிக்ஸ் எல்லாம் சேர்ந்து வெளிய போற படம்) எடுத்து ரீப்ளேல சொருகாதீங்க.

ரெடியான கிளிப் ஓட்டறதுக்கு பிளாக்மேஜிக் ஹைப்பர்டெக் எல்லா காலேஜ்லயும் பாக்கலாம். நல்ல சாமான், விலையும் கம்மி, ஆனா பிடிவாதக்காரன். கார்டு எக்ஸ்ஃபேட் இல்லன்னா எச்எஃப்எஸ் ப்ளஸ்ல (மேக்ல பயன்படுத்தற ஃபார்மேட்) ஃபார்மேட் ஆயிருக்கணும், பல மாடல்ல மெஷின்ல எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைக்கற முறை) செட் பண்ணியிருக்கோ அந்த கோடெக் ஃபைலைத்தான் எடுக்கும். ப்ரோரெஸ்ல வெச்சிருக்கறப்போ டிஎன்எக்ஸ் ஃபைலைக் குடுத்தா கார்டுல ஃபைலே இல்லாத மாதிரி உக்காந்திருக்கும். இன்னொண்ணு, கிளிப் எந்த ஃப்ரேம் ரேட்ல (செகண்டுக்கு எத்தனை படம்) இருக்கோ அவுட்புட்டையும் அதுக்கே மாத்திடும். அதே கம்பெனியோட ஏடெம் மினி ஸ்விட்சர்ல (எந்தப் படம் வெளிய போகணும்னு மாத்தற மெஷின்) ஒவ்வொரு இன்புட்டுக்கும் கன்வர்ட்டர் இருக்கறதால அது சமாளிச்சிடும், பழைய பெரிய ஏடெம் ஸ்விட்சர்ல அது இல்ல, அந்த நிமிஷமே படம் கருப்பாயிடும். ஸ்டேடியத்துல இருக்கற பெரிய ஸ்க்ரீன், அதாவது வீடியோ போர்டு, கருப்பாறதுன்னா சாதாரணமா நினைக்காதீங்க. டெக்சஸ் யுனிவர்சிட்டி 2006ல வெச்ச போர்டு 134 அடிக்கு 55 அடி, அதுக்கு ஊர்க்காரங்க வெச்ச பேரே காட்சில்லாட்ரான். ஆபர்ன்ல 2015ல வெச்சது 190 அடி அகலம், 57 அடி உயரம். அந்த சைஸ்ல கருப்பு வந்தா ஸ்டேடியம் மொத்தமும் திரும்பி கண்ட்ரோல் ரூம் கண்ணாடியைத்தான் பாக்கும்.

59.94ங்கற நம்பரை மனப்பாடம் பண்ணுங்க

இங்க ஃப்ரேம் ரேட் எல்லாமே 59.94. சிலர் 1080பில (ப்ராக்ரெசிவ், ஒவ்வொரு தடவையும் முழுப் படம்) பண்றாங்க, சிலர் 1080ஐ (இண்டர்லேஸ், ஒவ்வொரு தடவையும் பாதிப் படம்), ஈஎஸ்பிஎன் வழக்கமா 720பி. உங்க ரூம் எதுல ஓடுதுன்னு முதல் நாளே கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டுங்க. ஏன் இவ்வளவு சொல்றேன்னா, வீடியோ எடிட் பண்ற கிரியேட்டிவ் டீம் பசங்களுக்கு சினிமா லுக் வேணும், அதனால 23.976ல எக்ஸ்போர்ட் பண்ணி மேட்ச் அன்னிக்கு மத்தியானம் டிரைவ்ல போட்டுட்டுப் போயிடுவாங்க. அதை 59.94 லைன்ல ஓட்டினா கேமரா பேன் ஆகற ஷாட் எல்லாம் வெட்டி வெட்டி நடுங்கும். எடிட்டிங்ல எந்த ரேட்ல வேணா பண்ணிக்கட்டும், கடைசி எக்ஸ்போர்ட் 59.94ல வரணும்னு சீசன் ஆரம்பத்துலயே எழுத்துல குடுத்துடுங்க, வாயால சொன்னா காத்தோட போயிடும்.

இண்டர்லேஸ்ல ஓடற ரூம்னா ஸ்லோ மோஷன்ல ஓரமெல்லாம் பல்லு பல்லா தெரியும், ஃப்ரீஸ் பண்ணா படம் ஆடும். உங்களுக்குத் தேர்ந்தெடுக்கற உரிமை இருந்தா ப்ராக்ரெசிவ்வே கேளுங்க. சாதா 60 ஃப்ரேம் கேமராவை பாதி வேகத்துல ஓட்டினா ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு தடவை வரும், அது கண்ணுக்கு ஓகே, அதுக்குக் கீழ 20 சதவீதம் வரைக்கும் இறக்கினா ஸ்லைட் ஷோ மாதிரி ஆயிடும். வழவழன்னு ஓடற சூப்பர் ஸ்லோ வேணும்னா 180 ஃப்ரேம் எடுக்கற கேமராதான் வேணும், சாஃப்ட்வேரால அதை முழுசா உண்டாக்க முடியாது. அதே மாதிரி கேமராமேன் கிட்ட ஷட்டர் ஸ்பீட் பத்திப் பேசுங்க, பகல் மேட்ச்ல 1/60ல வெச்சிருந்தா லைவ்ல நல்லாத்தான் இருக்கும், ஸ்லோல பாத்தா பந்து இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடுதான் இருக்கும். வெளிச்சம் இருக்கறப்போ 1/250க்கு மேல போகச் சொல்லுங்க. இன்டோர் அரீனான்னா அந்த லைட்டோட மினுமினுப்பு பாத்து வைக்கணும், 1/120ல ஆரம்பிச்சு மேட்ச்சுக்கு முன்னாடியே ஸ்லோல ஓட்டிப் பாத்துடுங்க.

இடம் பத்தி ஒரு கணக்கு. ப்ரோரெஸ் எல்டில 1080பி 59.94 ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 92 ஜிபி பிடிக்கும், ப்ரோரெஸ் 422 எச்க்யூன்னா 198 ஜிபி. ஃபுட்பால் மேட்ச் மூணரை மணி நேரம் வெச்சுக்கோங்க, நாலு கேமரா எல்டில எடுத்தாலே 1.3 டிபி கிட்ட வந்துடும். எச்க்யூல எடுத்தே ஆகணும்னு ஒருத்தர் அடம் பிடிப்பார், ரீப்ளேக்கு அது தேவையே இல்ல, எல்டி போதும்.

கேபிள் விஷயம் சுருக்கமா: தூரம் இருந்தா எஸ்டிஐதான், நல்ல கேபிள்ல 1080பி சுமார் 100 மீட்டர் வரைக்கும் போகும், எச்டிஎம்ஐயை டேபிளுக்குள்ள மட்டும் வெச்சுக்கோங்க. எல்லா கேமராவுக்கும் ஒரே டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இருக்கற நேர நம்பர்) போகுதான்னு பாருங்க, இல்லன்னா ஒரு ஆங்கிள்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தறப்போ பந்து முன்னாடி பின்னாடி குதிக்கும்.

மேட்ச்சுக்கு முன்னாடி

அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாதும்பாங்க, கிளிப் பேர் வைக்கறதுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். "ஃபைனல்", "ஃபைனல் ரெண்டு", "ஃபைனல் நிஜமா இதுதான்" இப்படி வர்ற ஃபைலை எல்லாம் உங்க நம்பருக்கு மாத்துங்க. ரன் ஷீட்ல (எது எப்ப ஓடணும்னு வரிசையா எழுதின பட்டியல்) அந்த ஐட்டம் எத்தனையாவதோ அதே நம்பர் ஃபைல் பேர்ல முன்னாடி இருக்கட்டும், 100ல இருந்து 199 வரைக்கும் மேட்ச்சுக்கு முன்னாடி போடறது, 200கள் ஸ்பான்சர், 300கள் கூட்டத்துக்கு, இப்படி. டைரக்டர் "214 ரெடி"ன்னா நீங்க 214ஐத் தேடணுமே தவிர "அந்த பீட்சா விளம்பரம் எது"ன்னு யோசிக்கக் கூடாது.

ஒவ்வொரு கிளிப்பையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அந்த மெஷின்லயே ஓட்டிப் பாருங்க, லேப்டாப்ல பாத்தது கணக்குல வராது. முதல் ஃப்ரேம் கருப்பா இல்ல படமா, கடைசி ஃப்ரேம்ல நிக்குதா இல்ல திரும்ப ஆரம்பத்துக்கு ஓடிடுதா, சவுண்ட் ரெண்டு பக்கமும் வருதா, ஒரு விளம்பரம் காதைக் கிழிச்சு அடுத்தது முணுமுணுக்குதான்னு. ஆடியோ ஆள் கிட்ட மைனஸ் 20 டெசிபல்ல ஒரு டோன் அனுப்பி லெவல் சரி பண்ணிக்கோங்க. ரீப்ளேக்கு முன்னாடி குறுக்க ஓடற லோகோ வைப், அது பின்னாடி தெரியணும்னா ட்ரான்ஸ்பரன்ட்டா இருக்கணும், ப்ரோரெஸ் 4444ல எக்ஸ்போர்ட் பண்ணச் சொல்லுங்க, ஓபிஎஸ்னா வெப்எம் போதும். சாதா எம்பி4ல குடுத்தா பின்னாடி கருப்பு அட்டை மாதிரி வரும்.

பாட்டு விஷயத்துல ஒரு எச்சரிக்கை, ஸ்டேடியத்துல போடறதுக்கு காலேஜ் லைசென்ஸ் எடுத்திருக்கும், ஆனா அதே பாட்டு ஸ்ட்ரீம்ல போறது வேற கதை. ஹைப் வீடியோ ஓடறப்போ ஸ்ட்ரீமுக்கு எந்த சவுண்ட் போகணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

மேட்ச் ஓடறப்போ

ஃபுட்பால்ல உங்க வாழ்க்கையே 40 செகண்ட் ப்ளே கிளாக்தான். ஒரு ப்ளே (பந்தை எடுத்து ஆடற ஒரு முயற்சி) முடிஞ்சதும் அந்த கிளாக் ஓட ஆரம்பிக்கும், டீம் பொதுவா 15, 20 செகண்ட்லயே லைன்ல வந்து நின்னுடும், அதுக்குள்ள டைரக்டர் லைவுக்குத் திரும்பியாகணும். கோச் முகம், கூட்டம்னு ரெண்டு ஷாட் போக உங்களுக்கு மிஞ்சறது ஒரு எட்டு செகண்ட். அதனால ப்ளே முடிஞ்ச நொடியே வீலைப் பின்னாடி சுத்துங்க, எங்க நிறுத்தறதுன்னு இப்பவே சொல்றேன்: கதையை ஆரம்பத்துல இருந்து சொல்லாதீங்க. ஓரக்கோட்டுல கேட்ச் பிடிச்சான்னா குவார்ட்டர்பேக் (பந்தை எறியற பிளேயர்) பந்தை வாங்கறதுல இருந்து காட்ட வேண்டாம், பந்து கையை விட்டுக் கிளம்பற இடத்துல இன் பாயிண்ட் (ரீப்ளே ஆரம்பிக்கற இடம்) வைங்க, முழு வேகத்துல விட்டு பந்து கையில படறதுக்கு அரை செகண்ட் முன்னாடி லீவரை இறக்குங்க, பூட்ஸ் நுனி வெள்ளைக் கோட்டுக்கு உள்ள படுதா வெளிய படுதான்னு தெரியற வரைக்கும் அப்படியே மெதுவா கொண்டு போய் அங்க நிறுத்துங்க. அதுக்கப்புறம் அவன் எழுந்து கை தட்டறதெல்லாம் வேண்டாம்.

ஹெட்செட்ல கதை பேசாதீங்க. பெரிய ரூம்ல மெஷினுக்கு கலர் பேர் வெச்சிருப்பாங்க, ரெட், ப்ளூ, க்ரீன்னு. "ரெட்ல இருக்கு, கால் தெரியுது, உள்ள"ன்னு சொன்னா போதும். உங்க கிட்ட நல்ல ஆங்கிள் இல்லன்னா அதையும் சொல்லிடுங்க, "ரெட்ல ஒண்ணும் இல்ல"ங்கறது டைரக்டருக்கு ரொம்ப உபயோகமான பதில். வைப் ஸ்க்ரீனை முழுசா மூடற நேரத்துல நீங்க ஓட்ட ஆரம்பிச்சிருக்கணும், மூடி விலகின அப்புறம் ஓட்டினா முதல்ல ஒரு ஃப்ரீஸ் தெரிஞ்சு அசிங்கமா இருக்கும். நோ-ஹடில் (ஒண்ணு கூடிப் பேசாம உடனே அடுத்த ப்ளே) ஆடற டீம்னா ரீப்ளேயே கேக்காதீங்க, மார்க் பண்ணி வெச்சுட்டு டைம்அவுட்ல சேத்துப் போடுங்க.

பாஸ்கெட்பால்ல ஆட்டம் நிக்கவே நிக்காது, விசில் அடிச்சாதான் உங்களுக்கு வேலை. ஆம்பளைங்க மேட்ச்ல ஒவ்வொரு பாதியிலயும் கிளாக் 16, 12, 8, 4 நிமிஷத்துக்குக் கீழ போன அப்புறம் வர்ற முதல் விசில்ல மீடியா டைம்அவுட் வரும், அதை மனசுல வெச்சு அதுக்கு முன்னாடியே நாலு நல்ல கிளிப்பைக் கோத்து ரெடியா வைங்க. டங்க் போட்ட உடனே ரீப்ளே போடணும்னு கை துறுதுறுங்கும், ஆனா எதிர் டீம் பந்தை எடுத்துட்டு ஓடி அந்தப் பக்கம் த்ரீ போட்டுடும், அது லைவ்ல போகாம நீங்க பழசைக் காட்டிட்டு இருந்தா நாளைக்கு அந்த சீட்டுல வேற ஆள். வாலிபால் இதுக்கெல்லாம் நேர் எதிர், ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, புதுசா பழகறவங்க அங்க ஆரம்பிக்கறதுதான் நல்லது.

நடுவர் பாக்கற ரீப்ளேயும் உங்களோடதும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க. காலேஜ் ஃபுட்பால்ல 2004ல பிக் டென் கான்ஃபரன்ஸ்தான் (ஒண்ணா சேர்ந்து ஆடற காலேஜ்களோட கூட்டமைப்பு) அதை சோதனையா ஆரம்பிச்சது, இப்ப டிவிஸ்போர்ட் (DVSport) மாதிரி தனி சிஸ்டம், தனி பூத், தனி ஆள். உங்க படம் அங்க ஒரு ஃபீடா போகலாம், முடிவு அவங்களது.

போர்டுல எதைப் போடக் கூடாதுங்கறதையும் சொல்லிடறேன், மெஷினைப் பத்தி யார் வேணா சொல்லிக் குடுப்பாங்க, இதைச் சொல்ல மாட்டாங்க. பிளேயர் அடிபட்டு விழுந்தா அந்த ரீப்ளே போர்டுல போகவே கூடாது, யார் கேட்டாலும். மேல அவனோட அம்மா அப்பா உக்காந்திருப்பாங்க, 19 வயசுப் பையன் முட்டி மடங்கறதை 190 அடிக்குக் காட்டறது ப்ரொடக்ஷன் இல்ல. நடுவர் தப்புப் பண்ண மாதிரி தெரியற ப்ளேயை போர்டுல போடலாமாங்கறதுக்கு ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் ஒவ்வொரு மாதிரி கட்டுப்பாடு வெச்சிருக்கு, மேட்ச்சுக்கு முன்னாடி உங்க சூப்பர்வைசர் கிட்ட கேட்டு வைங்க. ஃபுட்பால்ல ஸ்னாப் (பந்தைப் பின்னாடி குடுத்து ப்ளே ஆரம்பிக்கறது) ஆகப் போற நேரத்துல பாட்டு, சவுண்ட் எஃபெக்ட் ஓடக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அதனால சவுண்ட் உள்ள கிளிப்பை எப்ப வேணா வெட்டற மாதிரி கையை பட்டன் மேலயே வெச்சிருங்க.

நம்ம ஊர்ல காலேஜ் டோர்னமெண்ட்டுக்கு இதைப் பண்ண நினைக்கறவங்களுக்கு, மேல சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தும், நம்பர் மட்டும் மாத்திக்கோங்க. அங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால ராத்திரி கபடி மேட்ச்ல ஃப்ளட்லைட்டுக்குக் கீழ 1/120 வெச்சா படம் மினுக்கும், 1/100 வைங்க, எல்லா கேமராவும் 50 ஃப்ரேம்ல ஓடட்டும். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், ரெண்டு கேமரா, நல்ல எஸ்எஸ்டி, ஜாக் டயல் இருந்தா ரீப்ளே போட்டுடலாம். யூபிஎஸ் மட்டும் மறந்துடாதீங்க, ஜெனரேட்டர் மாறற ரெண்டு செகண்ட்ல கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனா அதுவரைக்கும் மார்க் பண்ணது போச்சு.

மேட்ச் முடிஞ்சதும் எழுந்து ஓடிடாதீங்க. நல்ல ஷாட்டெல்லாம் சேத்து ஒரு மெல்ட் (எல்லாத்தையும் கோத்த ஒரே வீடியோ) பண்ணி எடிட்டர்களுக்குக் குடுக்கணும், அடுத்த மேட்ச் ஓப்பனிங்குக்கு அதுல இருந்துதான் எடுப்பாங்க. ஸ்பான்சர் கிளிப் எது எத்தனை மணிக்கு ஓடுச்சுன்னு எழுதின ஷீட்டை மார்க்கெட்டிங் ஆளுக்குக் குடுங்க, அதைக் காட்டித்தான் அவங்க பணம் வாங்கணும். எடிட்டர் ஃபைல் வந்துடுச்சுன்னு வாயால சொல்லாம அவர் மெஷின்ல ஓட்டிக் காட்டின அப்புறம்தான் டிரைவை அழிங்க.